பொத்தானை அழுத்தும் கை எங்கே படித்தது?

இடுப்பு வலி என்று ஆறு வயதுப் பையன் ஒருவனை எக்ஸ்ரே அறைக்கு அழைத்து வந்தார்கள். அன்று என்னுடன் நின்றவர் எங்கள் பிரிவில் சேர்ந்து நான்கே நாள் ஆன ரேடியோகிராபர். வேறொரு நாட்டில் படித்து, அங்கேயே ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பையனை மேசையில் படுக்க வைத்த விதத்திலேயே பழகிய கை என்று தெரிந்தது. இரண்டு பாதங்களையும் பிடித்து, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மெல்லத் திருப்பினார். வலிக்கிறதா என்று கேட்டார். வலது பக்க மார்க்கரைச் சரியான இடத்தில் வைத்தார். எல்லாம் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, ஈயத் தகடு எங்கே என்று கேட்டார்.

இங்கே வைப்பதில்லை என்றேன்.

அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒரு குழந்தை விஷயத்தில் இவ்வளவு அலட்சியமா என்று கேட்கும் பார்வை. அவர் படித்த இடத்தில், குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது பிறப்புறுப்பை ஈயத் தகட்டால் மறைக்காவிட்டால் செய்முறைத் தேர்வில் தோல்விதான். வேலையில் அப்படிச் செய்தால் விளக்கம் கேட்பார்கள். எங்கள் பிரிவிலோ தகட்டை வைத்தால்தான் விளக்கம் கேட்பார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயாளியின் பிறப்புறுப்பின் மீதும், கர்ப்பிணியின் வயிற்றின் மீதும் ஈயத் தகடு வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்றது. கதிர்வீச்சால் பரம்பரைப் பாதிப்பு வந்ததாக மனிதர்களிடம் இதுவரை காணப்படவில்லை. உடலுக்குள்ளேயே சிதறிப் பரவும் கதிரை மேலே வைக்கும் தகடு தடுக்கவும் முடியாது. தகடு கொஞ்சம் நகர்ந்தால், டாக்டர் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும். திரும்ப ஒரு படம் எடுக்க வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. தேவையான கதிரின் அளவை இயந்திரமே முடிவு செய்யும் தானியங்கி முறையில் எடுக்கும்போது தகடு உணரியின் மேல் வந்துவிட்டால், போதுமான கதிர் வரவில்லை என்று இயந்திரம் தப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பாய்ச்சும். பாதுகாப்புக்கென்று வைத்த தகடே டோஸைக் கூட்டிவிடும்.

அதனால் என் சகாவைக் குறை சொல்ல முடியுமா? அவர் படித்தபோது அதுதான் சரி. அவருக்குக் கற்றுத்தந்தவர்கள் குழந்தையின் நன்மைக்காகத்தான் அதைக் கற்றுத்தந்தார்கள். இரண்டு நாடுகளின் பாடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று முறைத்தது. நடுவில் ஆறு வயதுப் பையன்.

எனக்கு உறுத்தியது இதற்குப் பிறகுதான். அவருடைய படிப்பை இங்கே அங்கீகரிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று கல்லூரியிடமிருந்து எழுதி வாங்கச் சொன்னார்கள். அதற்குள் கல்லூரியின் பெயரே மாறியிருந்தது. இயற்பியல் பாடத்தில் சில மணி நேரம் குறைகிறது என்று மேற்பார்வையில் சில மாதம் வேலை பார்க்கச் சொன்னார்கள். ஒன்பது வருடமாக எடுத்துக்கொண்டிருந்த மார்பு எக்ஸ்ரேயை இன்னொருவர் கண்ணெதிரில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். ஆனால் நடைமுறையில் எது மாறியிருக்கிறது, எந்த இடத்தில் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கோப்பு நிறையத் தாள் இருந்தது. ஈயத் தகட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாடுகளுக்கிடையே ரேடியோகிராபர்களின் படிப்பையும் தொழில்தரத்தையும் ஒத்திசைக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோப்புதான் நினைவுக்கு வரும். மணிக்கணக்கை ஒத்திசைப்பது சுலபம். நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது செய்ய வேண்டியதை ஒத்திசைப்பதுதான் கடினம், அதுதான் தேவையும்.

இந்த வேலைக்குப் பெயரே நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் படம் எடுப்பவர் ஒரு வகை, கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பவர் இன்னொரு வகை. இரண்டு பெயர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே பிரிட்டனில் அல்ட்ராசவுண்ட் எடுக்கும் சோனோகிராபர் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்வீடனில் இந்த வேலை செய்பவரின் பெயரிலேயே நர்ஸ் என்ற சொல் இருக்கிறது. ஜெர்மனியில் மூன்று வருடத் தொழிற்பள்ளிப் படிப்பு. ஃபின்லாந்தில் மூன்றரை வருடப் பட்டம், அயர்லாந்தில் நான்கு வருடப் பட்டம். அமெரிக்காவில் எக்ஸ்ரே, கதிர்வீச்சு சிகிச்சை, அணு மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ். பிரிட்டனில் மேற்படிப்பு முடித்த ரேடியோகிராபர் சிலவகைப் படங்களுக்குத் தானே ரிப்போர்ட் எழுதுகிறார். பல நாடுகளில் அதைக் கேட்டாலே டாக்டர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஐரோப்பா இதில் ரொம்ப தூரம் போயிருக்கிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. 1999இல் போலோன்யா நகரில் கையெழுத்தான பிரகடனம் உயர்கல்வியை ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிவைத்தது. இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 180 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 2007இல் ரேடியோகிராபர் சங்கங்கள் சேர்ந்து ஒரு ஐரோப்பியக் கூட்டமைப்பை அமைத்தன. பட்டம் பெற்று வரும் ரேடியோகிராபருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று அந்தக் கூட்டமைப்பு ஓர் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, பாட மணியில் தொடங்காமல் திறமையில் தொடங்கியிருப்பதுதான். ஆனால் அது வழிகாட்டி மட்டுமே. சட்டம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு உத்தரவுப்படி, ஒரு நாட்டுப் படிப்பை இன்னொரு நாடு தானாகவே ஏற்றுக்கொள்ளும் தொழில்கள் ஏழு: டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி, பல் டாக்டர், மருந்தாளர், கால்நடை மருத்துவர், கட்டடக் கலைஞர். ரேடியோகிராபர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் பொது வழியில்தான் போக வேண்டும். ஒவ்வொருவர் கோப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒரு தேர்வு எழுத வேண்டும், அல்லது மூன்று வருடம் வரை மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும்.

2013இல் இந்த உத்தரவைத் திருத்தி ஒரு புதுக் கதவைத் திறந்தார்கள். உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு நாடுகள் சேர்ந்தால், ஒரு தொழிலுக்குப் பொதுவான பயிற்சித் திட்டமோ பொதுவான தேர்வோ உருவாக்கலாம். அந்தக் கதவு வழியாக 2019இல் நுழைந்தவர்கள் பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள். 2016 முதல் ஐரோப்பியத் தொழில் அட்டை என்று ஒரு மின்னணு நடைமுறை இருக்கிறது. எல்லை தாண்டிப் போகிறவரின் தகுதியைச் சீக்கிரம் சரிபார்ப்பதற்காக. நர்ஸ், மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட், மலை வழிகாட்டி, வீடு நிலம் விற்றுத்தரும் முகவர், இந்த ஐந்து பேருக்கு அது கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. மனித உடலுக்குள் கதிர் பாய்ச்சுகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

இத்தனைக்கும் கதிர்வீச்சைப் பற்றிய சட்டம் அங்கே ஒன்றுதான். யூராட்டம் என்ற அணுசக்திச் சமூகத்தின் 2013ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உத்தரவை 2018 பிப்ரவரிக்குள் எல்லா உறுப்பு நாடுகளும் தங்கள் சட்டத்தில் சேர்த்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கதிருக்கு ஒரே விதி வந்துவிட்டது. அதைக் கையாளும் ஆளுக்கு வரவில்லை.

வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினையாக இதைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் எபினால். பிரான்ஸின் கிழக்கில் உள்ள ஊர். அங்கே ஒரு மருத்துவமனையில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த 20க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் திட்டமிட்டதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிக டோஸ் போய்விட்டது. சிலர் இறந்தார்கள், பலருக்குக் குடலும் சிறுநீர்ப்பையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நடந்தது என்னவென்றால், கதிரின் வடிவத்தை மாற்றும் வெட்ஜ் என்ற வடிகட்டியில் பழைய நிலையான வகையை விட்டுவிட்டுப் புதிய இயங்கும் வகைக்கு மாறினார்கள். கணக்கு பழைய வகைக்குப் போடப்பட்டது, சிகிச்சை புதிய வகையில் போனது. மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு அவர்கள் மொழியில் கையேடு இருக்கவில்லை. பயிற்சியும் போதவில்லை.

அங்கே வேலை பார்த்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. சான்றிதழ் எல்லோரிடமும் இருந்தது. புதுக் கருவி வரும்போது, புது முறை வரும்போது, புது ஆள் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கவில்லை. அதனால்தான் ஒத்திசைவு என்பது கல்லூரியோடு முடிகிற விஷயம் இல்லை என்கிறேன். அமெரிக்காவில் ரேடியோகிராபர்களுக்குச் சான்றிதழ் தரும் பதிவு அமைப்பு 1922இலிருந்து இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 24 கிரெடிட் தொடர்கல்வி காட்ட வேண்டும். 2011 முதல் வாங்கிய சான்றிதழுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அப்புறம் தகுதியை மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். அறிவுக்கும் காலாவதித் தேதி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் முறை இது. பொதுத்தரம் என்று ஒன்று எழுதினால் நான் முதலில் சேர்க்கச் சொல்வது இதைத்தான்.

சரி, எதிர்ப்பு இல்லையா? இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. எல்லா நாடும் ஒத்துக்கொள்ளும் அளவு என்று தேடினால், இருப்பதிலேயே குறைந்த அளவில் வந்து நிற்கும் என்று ஒரு பயம். ரிப்போர்ட் எழுதும் உரிமையைப் போராடி வாங்கியவர்கள் அதை இழக்கத் தயாராக இல்லை. இழக்கவும் வேண்டாம். பொதுத்தரம் தரையாக இருக்கட்டும், அதற்கு மேல் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும்.

இரண்டாவது பயம் இதைவிடப் பெரிது. வசதியுள்ள நாடுகளின் பாடத்திட்டமே அளவுகோலாகிவிட்டால், ஒரே ரேடியோகிராபர் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பழகியவர் தகுதியில்லாதவராகிவிடுவார். பாதி கருவி வேலை செய்யாத அறையில், உட்காரக்கூட முடியாத நோயாளியை வைத்துக்கொண்டு, ஒரே படத்தில் காரியத்தை முடிக்கத் தெரிந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் திறமைக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் கிரெடிட் இல்லை. இன்னொரு பக்கம், தகுதியைச் சுலபமாக ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால், ஆள் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து இருப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆளை எடுத்துக்கொள்ளும் நாடு, ஆளை இழக்கும் நாட்டின் பயிற்சிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது மட்டும் நியாயமாகப் படுகிறது.

இதையெல்லாம் அரசுகள் பேசித் தீர்க்கும்வரை, படித்துக்கொண்டிருப்பவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கல்லூரியை விட்டு வெளியே வரும்முன் முழுப் பாடத்திட்டத்தையும், ஒவ்வொரு பாடத்துக்கும் செய்முறைக்கும் எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு, முத்திரை வைத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் தருவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பதிவேடு வையுங்கள்: எந்தக் கருவி, என்ன வகைப் பரிசோதனை, எத்தனை, யார் மேற்பார்வை. நோயாளியின் பெயரோ எண்ணோ அதில் வரவே கூடாது. திரும்ப எடுக்க நேர்ந்த படங்களையும் காரணத்தோடு குறித்து வையுங்கள். அதைப் பார்த்து உங்களைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நேர்முகத்தில் உட்காரும் அனுபவசாலி முதலில் மதிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அந்த ஈயத் தகடு விவகாரத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு தாள் தயார் செய்தோம். இடது பக்கம் பரிசோதனையின் பெயர், நடுவில் நாங்கள் செய்யும் முறை, வலது பக்கம் வெற்றுக் கட்டம். புதிதாக வருகிறவர் தன் நாட்டில் செய்த முறையை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுவோம். முதல் தாளை நிரப்பிக் கொடுத்தவர் அந்தச் சகாதான். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார்.

போன மாதம் வந்த ஒரு பெண், முதுகுத்தண்டு வளைவுக்கான படம் என்ற வரியில் எழுதியிருந்தார்: பருவ வயதுப் பெண்களை எக்ஸ்ரே குழாய்க்கு முதுகைக் காட்டி நிற்க வைப்போம், மார்பகத்துக்குப் போகும் டோஸ் அதில் வெகுவாகக் குறையும், வளைவு கூடுகிறதா என்று பார்க்க இந்தப் படத்தைச் சிகிச்சைக் காலம் முழுக்கப் பலமுறை எடுக்க வேண்டியிருக்கிறதே. நாங்கள் அதுவரை முன்பக்கமிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தோம். அன்று மதியமே நடுக் கட்டத்தை அடித்துத் திருத்தி எழுதினேன்.