சுஷியும் சேலத்து வெயிலும்

"டாக்டர், நீங்களே பச்சை மீன் சாப்பிடுகிறீர்களா?" ஃபேர்லேண்ட்ஸில் என் கிளினிக்குக்கு நாலு கடை தள்ளி இருக்கும் சுஷி உணவகத்தில் என்னைப் பார்த்துவிட்டவர்கள், அடுத்த முறை மாத்திரைச் சீட்டை நீட்டும்போது தவறாமல் இதைக் கேட்கிறார்கள். சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் ஜப்பானிய உணவு. சாப்பிடுகிறேன், விரும்பித்தான் சாப்பிடுகிறேன். அவர்களுடைய பயம் புழுவைப் பற்றியது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது சுஷிக்கு மட்டுமல்ல, வீட்டு மீன்குழம்புக்கும் சேர்ந்தது.

முதலில் புழு. அனிசாகிஸ் என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. கடல் மீனின் சதைக்குள் சுருண்டு கிடக்கும். உயிரோடு நம் வயிற்றுக்குள் போனால் இரைப்பைச் சுவரில் தலையை நுழைத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிப் போடும் வலி வரும். எண்டோஸ்கோப்பி செய்து அதைப் பிடித்து இழுக்க வேண்டும். வினிகர், எலுமிச்சை, சுஷியோடு வரும் வசாபி என்ற காரப் பசை எதற்கும் அது சாகாது. கடும் குளிருக்குச் சாகும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாக உறையவைத்து மேலும் 15 மணி நேரம் என்பது அமெரிக்க உணவு விதி. வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி இதைச் செய்ய முடியாது. பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த சால்மனில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஜப்பானியர்களே கடலில் பிடித்த சால்மனைப் பச்சையாகத் தொடாமல்தான் இருந்தார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் பண்ணை சால்மனைக் கொண்டுபோய் விற்ற பிறகே அது சுஷியில் ஏறியது.

நம் ஊர்த் தட்டுகளில் பாதிக்கு மேல் பச்சை மீனே கிடையாது என்பது வேறு கதை. இறால் டெம்புரா பொரித்தது. நண்டுக் குச்சி என்று வருவது பெரும்பாலும் வேறொரு மீனின் அரைத்த சதை; முட்டை வெள்ளைக்கருவும் கோதுமையும் கலந்திருக்கும். முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு, நண்டுதானே என்று கொடுத்துவிடாதீர்கள்.

வீடியோ பார்த்து வீட்டிலேயே சுஷி செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டூர் அணை மீன் எவ்வளவு துள்ளினாலும் அது குழம்புக்குத்தான். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் நன்னீர் மீன்கள். நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்னும் பழக்கம் இருப்பதால்தான் தாய்லாந்தின் வடகிழக்கில் கல்லீரல் தட்டைப்புழுவும், அதன் பின்னாலேயே பித்தநாளப் புற்றுநோயும் அவ்வளவு அதிகம்.

இனி என் கவலைக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு மாலை அப்பாவும் மகளும் ஒன்றாக வந்தார்கள். இருவருக்கும் முகம், கழுத்து, மார்பு வரை வெயிலில் வெந்ததுபோல் சிவந்திருந்தது. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் சூடு. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "வெளியே எங்கேயும் சாப்பிடவில்லை டாக்டர், வீட்டில் அயிலைக் குழம்புதான். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது மீன் அலர்ஜி வந்துவிட்டதா?" என்று கேட்டார் அப்பா. அம்மா மட்டும் சாதாரணமாக நின்றிருந்தார். அவர் அன்று விரதம். ஒரே சட்டியில் சாப்பிட்ட இருவருக்கு ஒரே நேரத்தில் புதிதாக அலர்ஜி பிறப்பது அபூர்வம். "மீன் நாக்கில் மிளகு மாதிரிச் சுரீர் என்றது" என்று மகள் சொன்னதும் சந்தேகம் தீர்ந்தது.

இது ஹிஸ்டமின் நச்சு. சூரை, அயிலை, மத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. நாம் விலை கொடுத்து வாங்கும் வஞ்சிரமும் அந்தக் குடும்பம்தான். மீன் செத்த பிறகு குளிர் விட்டுப்போனால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடம்பே சுரக்கும் அதே பொருள் இங்கே தட்டிலிருந்து வருகிறது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் மறுபடி உறையவைத்தாலும் உருவான ஹிஸ்டமின் போகாது. நாற்றமும் இல்லாமல் இருக்கலாம்.

கடல் இல்லாத ஊர் நம்முடையது. நாகப்பட்டினத்திலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் லாரியில் ஐஸ் போட்டு வந்தால்தான் சேலத்துக்கு மீன். வழியில் ஐஸ் எங்கே உருகியது, மார்க்கெட் பலகையில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூரை சுஷிக்கும் இதே கணக்குதான். அதனால் உணவகத்தில் நான் கேட்பது, "மீன் எப்போது வந்தது, எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்ற ஒன்றைத்தான். எங்கள் தெருக் கடையின் சமையற்காரர் குளிர்பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரையே காட்டுவார். முகம் சுளிக்கும் கடையில் வெள்ளரி ரோல் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இந்த நச்சு பெரும்பாலும் ஒரு நாளுக்குள், அலர்ஜி மாத்திரையோடு அடங்கிவிடும். மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழுந்தாலோ வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மீதி மீனைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பரிசோதனைக்கு உதவும். ஒருமுறை இப்படி வந்தது என்பதற்காக ஆயுள் முழுக்க மீனை ஒதுக்கிவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம், தேவையே இல்லை.

பார்சல் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. சித்திரை வெயிலில் காரின் பின் சீட்டில் சுஷிப் பெட்டியை வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நடுவில் வியூ பாயிண்டில் நின்று படம் எடுத்து, ஏற்காடு ஏரிக்கரையில் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். மலை குளிர்ந்தால் போதுமா? பெட்டி குளிர்ந்திருக்க வேண்டாமா? 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் இத்தகைய உணவுக்கு ஒரு மணி நேரம்தான் கெடு. சோறும் சும்மா இருக்காது. வெந்த சோற்றில் பிழைத்துக்கிடக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வாந்தி நச்சைச் சுரக்கும். சுஷி சோற்றில் வினிகர் சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, அமிலத்தால் இதை அடக்கவும்தான்; புளிப்பு பிடிக்காது என்று வினிகரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

கர்ப்பிணிகள், கல்லீரல் சுருங்கியவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், கீமோ எடுப்பவர்கள் பச்சை மீனைத் தொடவே வேண்டாம். காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிடுபவர்கள் சமைத்த சூரை, அயிலை, மத்தியிலும் கவனமாக இருக்க வேண்டும். ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மாத்திரை முடக்கிவிடுவதால், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவே அவர்களை ஆட்டிவிடும். ரத்த அழுத்தக்காரர்கள் சோயா சாஸ் கிண்ணத்தைத் தள்ளி வைக்கலாம். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் சொல்லும் அளவே 2,000க்குள்தான்.