மெல்லடை: ‘டின்னர் ரோல்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

பினாங்கில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிப் புதிய பலகாரம் ஒன்றைச் செய்து பழகுவது வழக்கம். சென்ற மாதம் என் முறை வந்தபோது, அடுப்பில் சுடும் பஞ்சுபோன்ற சிறு ரொட்டி உருண்டையான ‘டின்னர் ரோல்’ செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டு, செய்முறைத் தாளின் தலைப்பில் ‘இரவுணவுச் சுருள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த மூத்த அம்மா ஒருவர், “உள்ளே தேங்காய்ப்பூ வைத்துச் சுருட்டுவதா, பிள்ளை?” என்று கேட்டார். அவர் நினைத்தது பாண்டான் சாறு கலந்த பச்சைத் தோசைக்குள் இனிப்புத் தேங்காய்ப்பூ வைத்துச் சுருட்டும் குவே டாடாரை. தமிழ் நன்கு தெரிந்த ஒருவருக்கு அந்தத் தலைப்பு வேறொரு பலகாரத்தைக் காட்டியது என்றால், பிழை அவரிடம் இல்லை. நான் எழுதிய சொல்லில் இருந்தது.

ஆங்கிலத்தின் ‘ரோல்’ இலத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோத்தா’ என்பதன் வழியே, சிறு சக்கரம் என்னும் பொருளுடைய வடிவமாகி, பிரெஞ்சு மொழியைக் கடந்து வந்த சொல். தாளைச் சுருட்டுவதும் பந்தை உருட்டுவதும் ஆங்கிலத்தில் ஒரே வினை. தமிழோ இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: பாயைச் சுருட்டுகிறோம், உருண்டையை உருட்டுகிறோம். நாம் பேசும் இந்தப் பண்டத்தில் மாவு உள்ளங்கைக்கும் பலகைக்கும் இடையே உருட்டப்படுகிறதே தவிர, சுருட்டப்படுவதில்லை. ‘டின்னர்’ என்பதும் பழைய பிரெஞ்சில் பசி முறித்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, நெடுங்காலம் நண்பகலில் உண்ட பெருவேளை உணவைக் குறித்துவிட்டுப் பிறகுதான் இரவுக்கு நகர்ந்தது. ஆகவே ‘இரவுணவுச் சுருள்’ என்னும் மொழிபெயர்ப்பின் இரு பாதிகளுமே பொருந்தாதவை. எங்கள் வீடுகளில் இதை மாலைத் தேநீரோடும் காலையில் கோழிக்கறியில் தோய்த்தும் உண்கிறார்கள். இரவுக்கு உரியது என்று யாரும் ஒதுக்கி வைப்பதில்லை.

‘ரொட்டி’ என்று சொல்லிவிடலாமே என்பது இயல்பான எண்ணம். ஆனால் மலேசியாவில் அந்தச் சொல் சுமக்கும் பாரம் மிகப் பெரிது. வடமொழியின் ‘ரோட்டிகா’, இந்தியின் ‘ரோட்டி’ என்பவற்றோடு உறவுடைய இச்சொல் மலாயில் ‘ரோத்தி’ ஆகி, கல்லில் சுடும் ரொட்டி சானாய், வலைபோல ஊற்றும் ரொட்டி ஜாலா, கரியடுப்பில் வாட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்புப் பசையான காயாவைத் தடவும் ரொட்டி பாக்கார் ஆகிய எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘உரொட்டி’ என்று உயிரெழுத்து முன்சேர்த்து எழுதுவோரும் உண்டு.

பினாங்கில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கிளை இருக்கிறது. நீள்சதுரமாக, மேற்புறம் முறுகி, உள்ளே மென்மையாக இருக்கும் ‘ரொட்டி பெங்காலி’ இத்தீவின் அடையாளங்களுள் ஒன்று. தமிழ் முசுலிம் வணிகர்கள் வளர்த்த உணவு அது. பெயரைப் பார்த்தால் வங்காளத்தோடு தொடர்புடையது போலத் தோன்றும். இங்குள்ளோர் வாய்மொழியாகச் சொல்லிவரும் விளக்கமோ வேறு: ரொட்டிக் கடையின் வருமானத்தில் அங்கு உழைத்தவர்களுக்கும் பங்கு இருந்ததால், பங்குடையவர் என்னும் பொருளில் ‘பங்காளி ரொட்டி’ என வழங்கி, அதுவே மலாய் நாவில் ‘பெங்காலி’ என்று திரிந்தது என்பார்கள். எல்லோரும் வடநாட்டுப் பெயர் என்று எண்ணும் சொல்லுக்குள் நம் உறவுச் சொல் ஒன்று இருக்கிறது என்று இவ்வூர் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருவதை நான் மிகவும் மதிக்கிறேன். பெயரிடும்போது பண்டத்தை மட்டுமல்லாமல் அதைச் செய்பவர்களையும் நினைத்த மனம் அதில் தெரிகிறது.

‘பன்’ நேரடி ஆங்கிலம். அதன் பக்கத்தில் நிற்கும் ‘பாவ்’ சற்றுக் கவனத்துடன் பார்க்க வேண்டிய சொல். மும்பையில் பாஜியோடு உண்ணும் பாவும் இலங்கைத் தமிழரின் பாணும் போர்த்துக்கீசியச் சொல்லான ‘பாங்’ என்பதன் வழிவந்தவை. சப்பானியர் ரொட்டியைப் ‘பான்’ என்பதும் அதே வழியில்தான். நம் ஊரில் ஆவியில் வெந்து, கூடையிலிருந்து வெள்ளைவெளேரென்று எடுத்துத் தரப்படும் பாவோ, பொதிதல் என்னும் பொருளுடைய சீனச் சொல்லிலிருந்து ஹொக்கியன் பேச்சின் வழியாக நமக்கு வந்தது. ஒலி ஒத்திருக்கிறது, பிறப்பு வேறு. ஆகவே மலேசியத் தமிழர் ஒருவர் அடுப்பில் சுட்ட உருண்டையைப் ‘பாவ்’ என்று எழுதினால், படிப்பவர் ஆவியில் வெந்ததையே எண்ணிக்கொள்வார்.

தமிழுக்குள்ளேயே தேடினால் ‘அப்பம்’ முதலில் கைக்கு வருகிறது. கிறித்தவத் திருமறையின் தமிழில் அப்பம் என்பதே கோதுமை ரொட்டிக்கு வழங்கும் சொல். புளிக்க வைத்த மாவைப் ‘புளித்தமா’ என்று குறித்த அழகும் அங்கு உண்டு. எனினும் எங்கள் ஊரில் அப்பம் என்றால் தேங்காய்ப்பால் ஊற்றி உண்ணும் அரிசி அப்பம் என்பது உறுதியாகிவிட்டது. ‘வெதுப்பி’ என்னும் ஆக்கச் சொல் ஈழத்தமிழர் வழக்கில் ‘வெதுப்பகம்’ என்று கடைப் பலகை வரை ஏறியிருக்கிறது; அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆயினும் வெதுப்புதல் என்பது மிதமாகச் சூடாக்குவது. 180 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுவதற்கு அது சற்றே மெலிந்த வினை என்பது என் கருத்து. தமிழகத்தில் பரவிவரும் ‘அடுமனை’ எனக்கு மிகவும் உடன்பாடான சொல், ஆனால் அது இடத்தின் பெயர். பண்டத்தின் பெயர் இன்னும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயர் பத்துப்பாட்டில் இருக்கிறது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், இரவு முதிர்ந்த மதுரை நகரில் பலகாரம் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு தூங்கி வழியும் காட்சி வருகிறது. அவர்கள் வைத்திருந்தவற்றுள் ஒன்று, “நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை”. இங்கே இறால் என்பது நாம் சம்பாலில் போடும் இறால் அன்று, தேன்கூடு. அழகிய வரிகளையுடைய தேன்கூட்டை ஒத்திருக்கும் மென்மையான அடை என்பது பொருள். மெல் என்பதோடு அடை சேரும்போது, தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வர இரட்டிக்கும் என்னும் விதிப்படி மெல்லடை ஆகிறது. தேனீக்கள் கட்டிய கூட்டைத் ‘தேனடை’ என்று இன்றும் சொல்கிறோம். நெருங்குதல், செறிதல் என்னும் பொருள்கள் அடைதல் என்னும் வினைக்கு உண்டு. சிறு சிறு அறைகள் செறிந்து, தொட்டால் அமுங்கும் ஒன்றைப் பார்த்த புலவர் இந்த உவமையைத் தேர்ந்தார். நல்ல ‘டின்னர் ரோல்’ ஒன்றைப் பிய்த்து அதன் உள்ளே பார்க்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை கிடைப்பது அரிது.

அந்தத் தேன்கூடு மாவுக்குள் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் சொல்லின் பொருத்தம் மேலும் விளங்கும். 12 முதல் 13 விழுக்காடு புரதமுள்ள ரொட்டி மாவு 300 கிராம் எடுத்துக்கொள்கிறேன். அதில் 20 கிராமை மட்டும் 100 மில்லிலிட்டர் பாலில் கரைத்து, சிறு தீயில் ஏறக்குறைய 65 பாகை வரை கிளறினால் கூழாகத் திரளும். சீனரும் சப்பானியரும் வெவ்வேறு பெயர்களில் கையாளும் இந்த உத்தியை ‘மாக்கூழ்’ என்று அழைப்பது நமக்குப் போதும். வெப்பத்தில் மாச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, அந்த நீரைச் சுட்ட பின்னும் விடாமல் பிடித்துக்கொள்வதால், மறுநாளும் மெல்லடை வறண்டுபோவதில்லை. கூழ் ஆறியதும் மீதி 280 கிராம் மாவு, குளிர்ந்த பால் 80 மில்லிலிட்டர், ஒரு முட்டை, சர்க்கரை 40 கிராம், ஈஸ்ட் 5 கிராம், உப்பு 5 கிராம் சேர்த்துப் பிசைய வேண்டும். கடைகளில் இந்த ஈஸ்டை மலாயில் ‘ராகி’ என்றும் சொல்வார்கள். கேழ்வரகு என்று எண்ணி விடக்கூடாது.

கோதுமையிலுள்ள கிளியாடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் நீரோடும் பிசைதலோடும் இணைந்து இழுபடும் வலையாகின்றன. இந்த வலைக்குத் தமிழில் ‘பசையம்’ என்று பெயரிட்டவர்கள் நன்றாகவே செய்தார்கள், ஏனெனில் ‘குளூட்டன்’ என்னும் இலத்தீன் சொல்லின் பொருளும் பசைதான். வெண்ணெய் 40 கிராமைத் தொடக்கத்திலேயே போடாமல் வலை ஓரளவு உருவான பிறகு சேர்ப்பதற்குக் காரணம், கொழுப்பு மாவின் புரதத்தை மூடி நீரோடு இணையவிடாமல் தடுக்கும் என்பதே. சிறு துண்டு மாவை விரல்களால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய தோலாக நீள வேண்டும். கையால் பிசைந்தால் அதற்கு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் ஆகும், அந்த உழைப்பைக் குறைக்க முயன்றால் அறைகள் தடித்துப்போகும். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வெளியிடும் கரியமில வாயு அந்தத் தோலுக்குள் சிறைப்பட்டு, சிறு அறைகளாக ஊதுகிறது. தேனடை இப்படித்தான் கட்டப்படுகிறது.

மாவை மூடி வைக்கும் நிலையைக் குறிக்க நம் மொழியில் ‘அடைகாத்தல்’ என்னும் சொல் இருக்க, ‘புரூஃபிங்’ என்று எழுத வேண்டியதில்லை. குளிர்நாட்டுச் செய்முறைகள் இதற்குக் கதகதப்பான இடத்தைத் தேடச் சொல்லும். பினாங்கில் அடுக்களை முழுவதுமே 30 பாகையை ஒட்டி இருப்பதால், ஒரு மணி நேரத்திற்குள் மாவு இருமடங்காகிவிடும். குளிர்ந்த பால் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அளவுக்கு மீறி விட்டால் வலை தளர்ந்து, புளிப்பு வாடையோடு அமுங்கிப்போகும். பின்னர் 50 கிராம் அளவில் 12 உருண்டைகளாக உருட்டி, ஒரு விரல் இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி மறுபடி அடைகாக்க வைத்தால், அரைமணி முதல் நாற்பது நிமிடங்களில் அவை ஒன்றையொன்று தொட்டு நிற்கும். முன்கூட்டியே 180 பாகைக்குச் சூடேற்றிய அடுப்பில் 18 முதல் 20 நிமிடங்கள் போதும். முதல் சில நிமிடங்களில் வாயு விரிந்து உருண்டைகள் மேலெழும். பின் ஈஸ்ட் மடிந்து, மாச்சத்தும் புரதமும் இறுகி, அறைகள் அப்படியே நிலைபெறும். ஒன்றோடொன்று ஒட்டி வெந்த பக்கங்களில் முறுகிய மேலோடு உண்டாகாது என்பதால், பிய்க்கும்போது அங்கே வெண்பஞ்சு இழைகள் நீண்டு வருகின்றன. தெரெங்கானுவின் ரொட்டி பாவுங்கும் இப்படி நெருக்கி அடுக்கிச் சுடப்படுவதே.

மதுரைக் கூவியர் விற்ற மெல்லடையை அடுப்பில் சுட்ட கோதுமைப் பண்டம் என்று நான் சொல்லவில்லை. ஈஸ்ட் இட்ட ரொட்டி மலாயாவுக்கு ஐரோப்பியர் வழியாக வந்தது. பனையோலையைக் குறித்த ‘ஏடு’ இன்று நாளேடு ஆகியிருப்பதைப்போல, பழைய பெயரைப் புதிய பண்டத்துக்கு உரிமையாக்கலாம் என்பதே என் கருத்து. அடை என்றால் பருப்பு அடை நினைவுக்கு வருமே என்று கேட்பவர்களுக்கு, ‘மெல்’ என்னும் முன்னொட்டே விடை. பருப்பு அடையின் சிறப்பு அதன் கொரகொரப்பும் ஓரத்து முறுகலும். அதை மெல்லடை என்று அழைக்க எந்த வீட்டிலும் ஆளிருக்காது. கூட்டுச் சொற்களுக்கும் இது இடம் தருகிறது: பூண்டும் வெண்ணெயும் தடவியது பூண்டு மெல்லடை, உள்ளே காயா வைத்தது காயா மெல்லடை.

அடுத்த கூட்டத்துக்கான தாளில் ‘பால் மெல்லடை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே ‘டின்னர் ரோல்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பெயர் பழகும்வரை அந்த இரண்டாம் வரி அங்கேயே இருக்கும். தேங்காய்ப்பூ கேட்ட அம்மாவிடம் தாளை முன்னதாகவே கொடுத்து, இந்த முறை அவர் மனத்தில் எந்தப் பலகாரம் தோன்றுகிறது என்று கேட்டுவர எண்ணியிருக்கிறேன்.