திசைவி அல்ல, வழிப்படுத்தி

வைஃபை பெட்டியோடு வரும் கையேட்டைத் தமிழில் புரட்டினால் 'திசைவியை அணைத்து மீண்டும் இயக்கவும்' என்றிருக்கிறது. ரவுட்டருக்குத் தமிழில் வைத்த பெயர்தான் திசைவி. கைபேசியின் அமைப்புகளில் திசைவி, நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும் திசைவி. குமரி மாவட்டத்தின் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. அதை நான் பெருங்குறையாகச் சொல்லவில்லை. புதுச்சொல் எதுவும் முதலில் விளங்காதுதான். நன்றாகப் பழகிய பிறகும் திசைவி தவறான பொருளையே தரும். என் வழக்கு அதைப் பற்றியது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரவுட்டர் என்பது ரூட் என்ற சொல்லிலிருந்து வந்தது. ரூட், பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'ரூப்டா'விலிருந்து வந்தது. ரூப்டா என்றால் உடைக்கப்பட்டது. அதாவது வெட்டித் திறந்த பாதை. வேரில் இருப்பது வழி. திசை அங்கே இல்லை.

கருவியின் வேலையிலும் இல்லை. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் சேருமிட முகவரி இருக்கும். ரவுட்டர் தன் அட்டவணையைப் பார்த்து, அடுத்து யாரிடம் கொடுத்தால் இது போய்ச் சேரும் என்று முடிவுசெய்து அனுப்பும். மார்த்தாண்டத்தில் நின்று திருவனந்தபுரம் எங்கே என்று கேட்டால் 'வடமேற்கே' என்பது திசை. 'களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாப் போங்க' என்பது வழி. அந்தச் சாலை அடைபட்டால் கொல்லங்கோடு, பூவாறு வழியாகப் போகலாம். ஊர் இருக்கும் திசை மாறவில்லை, வழிதான் மாறியது. ரவுட்டர் செய்வது இந்த இரண்டாவது வேலையை.

சொல்லாக்கத்துக்கு வருவோம். கல்வி, கேள்வி, தோல்வி எல்லாம் வினையடியோடு 'வி' சேர்ந்து வந்தவை. திசை பெயர்ச்சொல், அதன்மேல் 'வி' உட்காராது. 'பிரவுசருக்கு உலாவி இருக்கிறதே' என்று கேட்பார்கள். உலாவியில் உள்ள வகரம் உலாவு என்ற வினையின் உறுப்பு. துருவியில் துருவு என்பதன் உறுப்பு. இவற்றோடு சேர்ந்தது இகரம் மட்டுமே. சரி, திசையோடும் இகரம்தான் சேர்ந்தது, வகரம் இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க வரும் உடம்படுமெய் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. இ, ஈ, ஐ இவற்றின் பின் யகரம் வரும் என்பது நன்னூல் விதி. அப்படியானால் 'திசையி' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஓசையை மட்டும் பார்த்து உலாவி மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. திசைத்தல் என்றொரு வினை பழந்தமிழில் இருக்கிறது. அதற்குத் திகைத்தல், மயங்குதல் என்று பொருள். அந்த வினையிலிருந்து கருவிப்பெயர் செய்தால் வழிகாட்டும் கருவி கிடைக்காது. மயங்க வைக்கும் கருவிதான் கிடைக்கும். சொல் செய்தவர்கள் ஒரு முறை அகராதியைப் புரட்டியிருக்கலாம்.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காகத் திசைவியை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு செய்தி: திசை வடமொழியிலிருந்து வந்த சொல். வழி நம் வேர்ச்சொல். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலும் அதே பொருளில் வழங்குகிறது. குறுக்குவழி, ஊடுவழி என்று பேசும் ஊரில் இந்தக் கருவிக்கு வழிப்படுத்தி என்று பெயர் வைத்தால் விளக்கவுரை தேவைப்படாது. படுத்து என்ற வினையோடு இகரம் சேர்ந்திருக்கிறது; இலக்கணத்திலும் இடறல் இல்லை. வழிச்செயலி என்றும் சிலர் எழுதுகிறார்கள். திசைவிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் செயலி என்ற சொல் கைபேசி ஆப்புக்கும் கணினியின் பிராசசருக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது சுமை வேண்டாம். 'திசைவி பரவிவிட்டது, இனி மாற்ற முடியாது' என்பதை நான் ஏற்கவில்லை. அது பரவியது எழுத்தில்தான், எவர் வாயிலும் இல்லை. பேச்சில் ரவுட்டர் என்றே சொல்லுங்கள், அதில் பிழையில்லை.

பெயர் தவறினால் பொருளும் தவறும் என்பதைக் கடையிலும் வீட்டிலும் பார்க்கலாம். திசைவி என்று படித்தவர், இந்தப் பெட்டி அலையை ஒரு திசையில் செலுத்துகிறது என்று எண்ணி ஆண்டெனாவைப் படுக்கையறைப் பக்கம் துப்பாக்கி போல நீட்டி வைக்கிறார். அந்தக் குச்சி ஆண்டெனா தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரப்பும். நுனி காட்டும் பக்கத்தில்தான் மிகக் குறைவு. ஒரே தளத்து வீட்டில் எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மாடிக்கும் எட்ட வேண்டுமென்றால் ஒன்றைச் சாய்த்துப் பார்க்கலாம், ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைக்குக் கடினம்.

பெரிய இழப்பு அடுத்தது. 'அண்ணே, மாடியில ரேஞ்ச் இல்ல, இன்னொரு மோடம் தாங்க' என்று வருபவருக்குக் கடைக்காரர் ஒரு ரவுட்டரைக் கொடுத்தனுப்புகிறார். அவர் வீட்டு ஃபைபர் பெட்டி ஏற்கெனவே வழிப்படுத்தும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து வரும் கேபிளைப் புதிய பெட்டியின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில், செருகியதும் வீட்டுக்குள் இரண்டு வழிப்படுத்திகள், இரண்டு தனி வலையமைப்புகள். கீழேயுள்ள பிரிண்டர் மாடி மடிக்கணினியின் தேடலில் தென்படாது. இரண்டும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுத்தால் இணையமே நின்றுபோகவும் கூடும். மாடிக்கு வேண்டியது வழிப்படுத்தியே அல்ல, இருக்கும் வலையமைப்பை வைஃபையாக நீட்டித் தரும் அக்சஸ் பாயிண்ட். வாங்கிவிட்ட ரவுட்டரையே அப்படி ஆக்கலாம். அமைப்பில் அக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லையென்றால் முதல் பெட்டி தானாக வழங்கும் முகவரிப் பட்டியலுக்கு வெளியே உள்ள முகவரி ஒன்றை, உதாரணமாக 192.168.1.2ஐ, புதிய பெட்டிக்குக் கொடுங்கள். முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை அதில் அணையுங்கள். கீழிருந்து வரும் கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிளை, வீட்டுக் கருவிகளை இணைக்கும் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டில் வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை வைக்கலாம். வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

அந்த அக்சஸ் பாயிண்டுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'அணுகல் புள்ளி'. எதை அணுக, எங்கே புள்ளி? கம்பியில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி அது. பரப்பி என்றால் கேட்டவுடன் உருவம் தெரியும். அது வாங்கவும் செய்கிறதே என்று நுணுக்கம் பேசலாம். ஆனால் வீட்டார் அதை வாங்குவது பரப்புவதற்காகத்தானே. அலைவரிசை என்ற சொல்லின் பாடு இன்னும் மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற பட்டையும் அலைவரிசை, அதற்குள் இருக்கும் 1, 6, 11 என்ற சேனல்களும் அலைவரிசை, கம்பெனி தரும் நொடிக்கு 100 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகமும் அலைவரிசை. 'அலைவரிசையை மாற்றவும்' என்று படிப்பவர் மூன்றில் எதை மாற்றுவார்?

ரவுட்டர் அட்டைப்பெட்டியில் இருக்கும் 1200 என்ற எண்ணுக்கும் தமிழில் ஒரு வரி விளக்கம் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் வேகம் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் வேகம் 867ஐயும் கூட்டி, மேலே முழுமையாக்கிப் போட்ட எண் அது. எந்தக் கைபேசிக்கும் அந்த வேகம் கிடைக்காது. அதே அட்டையின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் போர்ட் 10/100 என்றிருந்தால், நீங்கள் 200 எம்.பி.பி.எஸ். இணைப்புக்குப் பணம் கட்டினாலும் 100க்கு மேல் உள்ளே வராது. 10/100/1000 என்றிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.