பிறந்தபோது என்ன கலர்?

ஷெட்டில் நிற்கும் பழைய செவர்லே பிக்கப் இன்று நீலம். அதற்கு முன் சிவப்பு என்கிறார்கள். ஆலையை விட்டு வந்தபோது என்ன கலர்? வண்டியையே கேட்கலாம்.

1947 நடுவிலிருந்து 1955 தொடக்கம் வரை அமெரிக்காவில் வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை இது. பானெட்டில் தேடிப் பயனில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் பெயின்டைப் பிடித்துவைக்கும் பிசினை உடைத்துவிடும். மிஞ்சுவது வெளிறிய நிறமித் தூள். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அதனால் வெயில் படாத இடம் வேண்டும். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில், போல்ட் போட்டு மாட்டிய ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பிற்பாடு பெயின்ட் அடித்தவர்கள் அதையெல்லாம் கழற்றச் சோம்பல்பட்டிருப்பார்கள். அந்தச் சோம்பலுக்கு நன்றி!

அதற்குப் பக்கத்தில், பிற்பாடு பெயின்ட் அடித்த இடத்தில் நாணய அளவுக்கு ஓரிடத்தை, நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல, வெளியே நீலம், உள்ளே சிவப்பு, அப்புறம் பச்சை, ப்ரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), நடுவில் இரும்பு என்று விரியும். ப்ரைமரை ஒட்டி இருப்பதுதான் பிறந்த கலர். பச்சை என்றால் ஆச்சரியமில்லை. அந்த வரிசையில் பல ஆண்டுகள் 'ஃபாரஸ்டர் கிரீன்'தான் வழக்கமான கலர்.

என்ஜினும் பிறந்தபோது இருந்ததுதானா? அதற்கு என்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கில் ஒரு குறிப்பு இருக்கும். வார்க்கும்போதே பதித்த தேதி அது. 'C 18 0' என்றால் C மூன்றாவது எழுத்து, எனவே மார்ச் 18. ஆண்டின் கடைசி இலக்கம் 0. எந்தப் பத்தாண்டு என்பதை என்ஜின் மாடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 1949 வண்டியில் 1950 பிளாக் இருந்தால், என்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. மூட்டை சுமந்த வண்டிக்கு அது சகஜம்.

வண்டியைப் புதுப்பிக்கும்போது பலர் கோட்டைவிடுவது ஒயரில். இவை 6 வோல்ட் வண்டிகள். 36 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும்; இங்கே 6 ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக அதே ஒயரில் இழப்பு நான்கு மடங்கு. ஆலை தடித்த ஒயர் போட்டது அதனால்தான். அழகாக இருக்கிறதே என்று 12 வோல்ட்டுக்கான மெல்லிய ஒயரை இழுத்தால், ஹெட்லைட் மங்கி எரியும். சரி, பாட்டரிதான் போச்சு என்று இரண்டாவது பாட்டரி வாங்கியவர்களும் உண்டு.