கிராஸ் ஹார்ப்: தமிழில் இழுநிலை

மவுத் ஓர்கனில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பழகத் தொடங்குகிறவர்கள் முதல் சில பாடங்களுக்குள்ளேயே ‘கிராஸ் ஹார்ப்’ என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் போனைப் பார்த்துத் தனியாகப் பழகுகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான். ஒரு தம்பி தன் கொப்பியில் ‘குறுக்கு யாழ்’ என்று எழுதி வைத்திருந்தார். அகராதி அப்படித்தான் கொண்டுபோய் விடும். உண்மையில் இதில் குறுக்கும் இல்லை, யாழும் இல்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மவுத் ஓர்கனையே ‘ஹார்ப்’ என்றும் ‘பிரெஞ்ச் ஹார்ப்’ என்றும் சொல்லிப் பழகியிருந்தார்கள். நரம்புக் கருவிக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது. ‘கிராஸ்’ என்பது ஒரு சுருதிக்கென்று செய்த கருவியில் வேறு சுருதிப் பாட்டை வாசிப்பது. சி சுருதிக் கருவியில் ஜி சுருதிப் பாட்டு, அவ்வளவுதான். பாடங்களில் இதற்கே ‘செக்கண்ட் பொசிஷன்’ என்ற பெயரும் உண்டு.

ஏன் அப்படி மாற்றி வாசிக்க வேண்டும்? கருவிக்குள் பார்த்தால் விளங்கும். ஜெர்மனியில் ட்ரோசிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தொடங்கிய நிறுவனம், 1896இல் ‘மரைன் பாண்ட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. பத்துத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஊதும்போது அதிர ஒரு பித்தளை நாக்கு, இழுக்கும்போது அதிர இன்னொன்று. எந்தத் துளையை ஊதினாலும் ச, க, ப மூன்றில் ஒன்றுதான் வரும். மற்றச் சுரங்கள் மூச்சை இழுத்தால்தான் கிடைக்கும். ஐரோப்பிய நாட்டார் மெட்டுகளுக்கு ஊதுவதையே வீடாக, அதாவது பாட்டு வந்து நிற்கும் ஆதார இடமாக, வைத்துச் செய்த அமைப்பு அது.

மலிவு விலையில் அந்தக் கருவி அமெரிக்காவின் கறுப்பின இசைஞர்கள் கைக்கும் வந்தது. அவர்கள் அதை இழுத்துக் கேட்டார்கள். முதல் நான்கு துளைகளை இழுத்தால் ரி, ப, நி, ரி. இப்போது அந்தப் ப-வையே ச என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஒலிகள் ப, ச, க, ப ஆகிவிடும். பாட்டின் வீடு ஊதலிலிருந்து இழுப்புக்கு இடம் மாறிவிட்டது. சங்கீதம் படித்த பிள்ளைக்கு ‘இது கிரகபேதம்’ என்றால் போதும். தமிழிசையில் பண்ணுப்பெயர்த்தல் என்போமே, அதுதான். சங்கராபரண ராகத்தின் ப-வை ச ஆக்கினால் அரிகாம்போதி ராகம் பிறக்கிறது. இங்கேயும் அரிகாம்போதிதான் பிறக்கிறது.

ஆனால் ப்ளூஸ் அரிகாம்போதியோடு நிற்காது. மூன்றாம் துளையை மட்டும் இழுத்துப் பாருங்கள். புதிய கணக்கில் அது அந்தர காந்தாரம், அதாவது சாதாரண காந்தாரத்துக்கு மேலே உள்ள க. மூச்சைக் கூட்டாமல், ‘ஈ’ சொல்லும் இடத்திலிருந்து ‘ஊ’ சொல்லும் இடத்துக்கு நாக்கை மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோனால் சுரம் கீழே சரியும். இதுதான் பெண்டிங், தமிழில் சரிவு என்பேன். இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில், எதிலும் முழுதாக நில்லாத ஓரிடம் வரும். ஒப்பாரியில் குரல் இறங்குகிற இடங்களைக் கேட்டு வளர்ந்த வன்னிக் காதுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கவே தேவையில்லை. கீழ்த்துளைகளில் இந்தச் சரிவு இழுக்கும்போதுதான் கிடைக்கும். கிராஸ் ஹார்ப் பிறந்ததற்கு முக்கிய காரணம் இதுவே.

அதனால்தான் ‘இழுநிலை’ என்கிறேன். ஊதலை வீடாக வைத்த பழைய வாசிப்பு ‘ஊதுநிலை’. ‘பண்ணுப்பெயர்ப்பு’ நல்ல சொல்தான், ஆனால் இதே கருவியில் இன்னும் பல விதமாகவும் பண் பெயர்க்கலாம் என்பதால் அது பொதுப்பெயராகவே இருக்கட்டும். ‘இழுப்பு’ என்று மட்டும் சொன்னால் நோயின் பெயராகிவிடும்.

பாட வரிசையிலும் இந்தச் சொல் உதவும். முதலில் ஒரு துளையை மட்டும் தனியே ஒலிக்கப் பழக வேண்டும். அப்புறம் ரயில் ஓட்டம்: இரண்டு இழு, இரண்டு ஊது, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுவது. ப்ளூஸ்காரர்கள் ரயிலைப் போல வாசித்தே மூச்சைப் பழக்கினார்கள். வன்னியில் 1990இல் நின்றுபோன ரயில் 2013இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை அந்தச் சத்தத்தைக் கேட்காமலே வளர்ந்தது. இப்போது பழகுகிற பிள்ளைகள் யாழ்தேவி ரயிலைக் கேட்டே தாளத்தைப் பிடிக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. அதன் பிறகு இழுநிலை, பிறகு சரிவு, கடைசியில் ப்ளூஸ் பாட்டின் வழக்கமான வடிவமான பன்னிரண்டு தாளக்கட்டுச் சுற்று (‘ட்வெல்வ் பார்’). சரிவு வரவில்லை என்று இழுநிலையைத் தள்ளிப்போட வேண்டாம். சரிவில்லாமலே பல மெட்டுகள் வாசிக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற இரட்டை வரிசை ட்ரெமோலோவில் சரிவு சரியாக வராது. பத்துத் துளைக் கருவியாகக் கேட்டு வாங்குங்கள். பாட்டு ஜி சுருதி என்றால் இழுநிலைக்கு சி கருவி, ஏ என்றால் டி கருவி, ஈ என்றால் ஏ கருவி.