சான்றிதழைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது

கும்பகோணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். எல்லாரும் ஒரே குபர்நெட்டிஸ் கிளஸ்டரில்தான், அதாவது செயலிகளை ஓட்டும் ஒரே கணினிக் கூட்டத்தில்தான், வேலை செய்கிறார்கள். உதவிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பியின் வாட்ஸ்அப் குழுவில், கிளஸ்டருக்குள் நிர்வாகியாக நுழையும் சான்றிதழும் சாவியும் உள்ள ‘அட்மின்.கான்ஃப்’ கோப்பு கிடந்தது. “எல்லாருக்கும் இதைத்தாண்ணே கொடுக்கிறாங்க” என்றார். வேலையை விட்டுப் போன இரண்டு பேரும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது பழைய கிளஸ்டர். 1.29 பதிப்புக்கு முன், கிளஸ்டரை நிறுவும் கருவியான குபியாட்மின் எழுதித் தந்த அந்தக் கோப்பின் சான்றிதழ், முழு அதிகாரம் உள்ள ‘சிஸ்டம்:மாஸ்டர்ஸ்’ குழுவில் சேரும். யார் எதைத் தொடலாம் என்று சொல்லும் ஆர்பேக் விதி எதுவும் அந்தக் குழுவைத் தடுக்காது. இன்னும் பெரிய சிக்கல், ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் எதையும் குபர்நெட்டிஸ் பார்ப்பதில்லை. நம் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கையெழுத்திட்டதா, கெடு தாண்டிவிட்டதா, இவ்வளவுதான் பார்க்கும். ஆக அந்தக் கோப்பு ஒரு வருடம் செல்லும். நடுவில் அடைக்க சிஏவையே மாற்ற வேண்டும். மாற்றினோம். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியாக, அதாவது நோடாகத் தொட்டு முடிக்க இரண்டு இரவு ஆனது.

எங்கள் பக்கம் வாய்க்கால் ஷட்டரைத் திருகும் சாவி பாசன ஊழியரான லஸ்கர் கையில் இருக்கும். ஆளுக்கொரு சாவி வைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

அப்புறம் அந்தத் தம்பியை உட்காரவைத்து முறையாகச் செய்தோம். தனிச் சாவியை அவர் லேப்டாப்பிலேயே உருவாக்கினார். அது அங்கேயே இருக்கட்டும், சான்றிதழ் கேட்கும் விண்ணப்பமான சிஎஸ்ஆர் மட்டும் வந்தால் போதும். அதில் ‘சிஎன்’ என்ற இடத்தில் ‘டெவ்’ என்று அடித்தார். நிறுத்தச் சொன்னேன். குபர்நெட்டிஸில் பயனர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. சிஎன்னில் இருப்பதுதான் பயனர் பெயர், ‘ஓ’வில் இருப்பதுதான் குழு. பத்துப் பேரும் டெவ் என்றால், நாளைக்கு டேட்டாபேஸ் ஓடும் பாட் அழிந்தால், யார் என்ன செய்தார் என்ற ஆடிட் பதிவில் யாரைத் தேடுவது? தன் பெயரை அடித்தார்.

கெடுவுக்கு ‘எக்ஸ்பிரேஷன்செகண்ட்ஸ்’ 604800 என்று போட்டோம், அதாவது ஏழு நாள். குறைந்தபட்சம் 600 நொடி வரை இறக்கலாம். எதுவும் போடாவிட்டால் வழக்கமாக ஒரு வருடத்துக்குக் கையெழுத்தாகிவிடும், அதனால் இந்த வரியை விட்டுவிடாதீர்கள். அனுமதி தரும் ரோல்பைண்டிங்கை அவர் பெயருக்கே, கிளஸ்டரில் அவருக்கான பகுதியான நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் கட்டினோம். அவர் போகும் நாளில் அதை அழித்தால், சான்றிதழ் உயிரோடு இருந்தாலும் அதை வைத்து அங்கே எதையும் தொட முடியாது. குழுவின் பெயரில் கட்டியிருந்தால் ஒருவரை மட்டும் கழற்ற வழியில்லை. அதே பெயரை அடுத்து வருபவருக்குக் கொடுக்கவும் கூடாது.

“வாரா வாரம் கேட்கணுமாண்ணே?” என்றார் தம்பி. ஆமாம் என்றேன். புதுப்பிக்கும் ஸ்கிரிப்டை அவரே அன்று மாலைக்குள் எழுதிவிட்டார்.