செம்மண் சாம்பலாகும் இடம்

தை மாதக் கடைசியில் கொடைக்கானலுக்கு அப்பால், மன்னவனூர்ப் பக்கத்துப் பூண்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மண்ணுருண்டையை ஈரத்துணியில் சுற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில், முழங்கை ஆழத்தில் எடுத்தது. எடுத்தபோது அது ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. நீலமும் பச்சையும் லேசாகக் கலந்த சாம்பல். வழுவழுப்பான களி. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டையின் வாடை.

மறுநாள் காலை துணியைப் பிரித்துப் பார்த்தால் உருண்டையின் மேற்பரப்பு முழுவதும் பழுப்பேறியிருந்தது. கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே அதே சாம்பல். வெளியே ஒரு நகக்கண் அளவுக்குத் துருவின் நிறத்தில் ஒரு தோல். ஓர் இரவில் அந்த மண் காற்றைக் குடித்திருக்கிறது. இதற்குமுன் எத்தனை காலம் அது காற்றே இல்லாமல் கிடந்தது என்பதை நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

"அந்தப் பள்ளத்தில் போன வருஷம் பூண்டு நட்டேன் தம்பி. பல் திரளவே இல்லை, அடியிலேயே அழுகிப் போயிற்று. சித்திரையில் தோண்டினாலும் தண்ணீர் கசிகிறது" என்றார் தோட்டத்துக்காரர். பத்தடி மேலே, சரிவில், அவருடைய பூண்டு செழித்து நின்றது. அங்கே மண் செம்பழுப்பு. ஒரே தோட்டம், ஒரே மழை, அடியில் ஒரே பாறை. பிறகு ஏன் இரண்டு மண்?

மலையில் பெய்கிற மழை முழுவதும் ஓடையாக ஓடிவிடுவதில்லை. சரிவின் மண்ணுக்குள் இறங்கி, சிதைந்த பாறையின் மேல் வந்து முட்டி, சரிவோடு சரிவாக மண்ணுக்கு உள்ளேயே மெல்ல நகர்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் சரிவு தட்டையானதும் அந்த நீருக்கு மேற்கொண்டு போக வேகம் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மேலிருந்து கழுவிவரப்பட்ட நுண்ணிய களியும் அங்கேதான் படிந்திருக்கும். அதன் துளைகள் மிகச் சிறியவை. நீர் அவற்றில் புகுந்துகொள்ளும், எளிதில் வெளியேறாது. இப்படி ஆண்டின் பெரும்பகுதி நீர் தங்கிய மண்ணை மண்ணியலாளர்கள் 'கிளெய்' என்கிறார்கள். உக்ரேனிய, ரஷ்ய உழவர்களின் பேச்சில் களிமண்ணைக் குறித்த சொல் அது. 1905-இல் விசோத்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். நம்மிடமும் உளை, அளறு, சதுப்பு என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை.

நீர் தேங்கினால் மண்ணின் நிறம் ஏன் மாற வேண்டும்? மண்துளைகளில் காற்று இருக்கும்வரை வேர்களும் நுண்ணுயிரிகளும் ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன. துளைகளை நீர் நிரப்பிவிட்டால், நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இருக்கிற கொஞ்சமும் சில நாட்களில் தீர்ந்துவிடும். ஆனாலும் நுண்ணுயிரிகள் சாவதில்லை. ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறு பொருள்களைப் பயன்படுத்திப் பிழைக்கிற வகைகள் பெருகுகின்றன. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு, பிறகு சல்பேட், எல்லாம் தீர்ந்தபின் கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு. பந்தியில் நல்ல பலகாரம் முதலில் தீர்வதுபோல, அதிக ஆற்றல் தருவது முதலில் காலியாகிறது. அழுகிய முட்டை வாடை சல்பேட்டின் கட்டத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. கடைசிக் கட்டத்தில் வருவது மீத்தேன்.

நிறத்தின் கதை இரும்பில் இருக்கிறது. நம் செம்மண்ணின் சிவப்பு முழுவதும் ஒரு மேல்பூச்சுதான். மண்துகள்கள் இயல்பில் வெளிறியவை. அவற்றின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிந்து சிவப்பும் பழுப்பும் தருகிறது. அந்த நிலையில் இரும்பு நீரில் கரையாது. நுண்ணுயிரிகள் அதைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும்போது இரும்பு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. போர்வை கரைந்து நீரோடு நகர்கிறது. அடியிலிருந்த சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது. மன்னவனூரின் சாம்பல் களி, சிவப்பை இழந்த செம்மண் என்றே சொல்லலாம்.

இதைப் பார்க்கக் கொடைக்கானல் போக வேண்டும் என்றுகூட இல்லை. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் வயலில் இறங்கி, நட்டு ஒரு மாதமான பயிரை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சேறு சாம்பல் நிறம். கால் வைத்த இடத்தில் குமிழி வரும், அதில் மீத்தேன் உண்டு. ஆனால் நெல்லின் வேர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நெல் தன் தண்டுக்குள் காற்றுக்குழல்கள் வைத்திருக்கிறது. இலையிலிருந்து இறங்கும் ஆக்சிஜன் வேரின் வழியே சேற்றுக்குள் கசிகிறது. கரைந்து நிற்கும் இரும்பு அதைத் தொட்டதும் துருவாகி வேரின்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. சேற்றுழவு செய்து நாம் ஆண்டில் சில மாதம் உண்டாக்குகிற நிலையை, மலைப்பள்ளம் தானாகவே நிரந்தரமாக வைத்திருக்கிறது. பூண்டுக்கு அந்தக் குழல்கள் இல்லை. அதனால்தான் தோட்டத்துக்காரருக்கு நஷ்டம்.

மலைச் சதுப்பின் கோரைகளும் நெல்லைப் போலவே வேரைச் சுற்றித் துரு பூசுகின்றன. கோரை செத்த பிறகும் வேர் இருந்த தடத்தில் ஆரஞ்சுக் குழாய்போல ஒரு கோடு மண்ணுக்குள் தங்கிவிடும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறியிறங்கும் ஆழத்தில், சாம்பல் மண்ணில் துருப்புள்ளிகள் சிதறியிருக்கும். அதற்கும் கீழே, காற்றே எட்டாத ஆழத்தில், புள்ளி இல்லாத வெறும் சாம்பல். எனக்கு இந்த மண்ணில் மிகவும் பிடித்தது இதுதான். பங்குனி வெயிலில், ஒரு சொட்டு நீர் இல்லாதபோது குழி தோண்டினாலும், ஐப்பசியில் நீர் எதுவரை ஏறியது என்பதை அந்தத் துருக்கோடு காட்டிவிடும். மதுரையிலிருந்து மலையில் மனை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் போகிறார்கள். நிலம் காய்ந்திருக்கும், காட்சி அழகாக இருக்கும். ஆறடிக் குழி ஒன்று தோண்டச் சொல்லி மண்ணின் நிறத்தைப் பாருங்கள். இரண்டடியிலேயே சாம்பலும் துருப்புள்ளியும் கலந்து வந்தால், அங்கே கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்காது, மழைக்காலத்தில் மேலே எழும். அடித்தளச் சுவரில் ஓதம் ஏறும்.

பள்ளத்து ஓடையோரத்தில் நீரின்மேல் எண்ணெய்ப்படலம்போல வானவில் மினுங்குவதைப் பார்த்து, யாரோ டீசல் கொட்டிவிட்டார்கள் என்று பதறுவோர் உண்டு. ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயானால் விலகி உடனே மறுபடி சேரும். இது பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து அப்படியே நிற்கும். கரைந்த இரும்பு காற்றைச் சந்திக்கும் இடத்தில் இரும்பு நுண்ணுயிரிகள் விரிக்கிற படலம் அது.

சாம்பல் களிக்கு மேலே, உயர்ந்த பள்ளத்தாக்குகளில் இன்னொரு அடுக்கு உண்டு. கறுப்பு, நார்நாராக, ஈரம் சொட்டுவது. குளிரும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்தால் புல்லும் கோரையும் முழுதாக மட்கா. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோ குவிந்துகொண்டே போகும். இதுவே பீட். அண்டையிலுள்ள நீலகிரியின் பீட் அடுக்குகளை ஆராய்ந்து இந்திய அறிவியலாளர்கள் 1993-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனைச் சேர்க்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு பீட்டில் அப்படியே பதிந்திருக்கிறது. பனியூழி உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு நம் மலைகள் வறண்டு, புல்லே மிகுந்திருந்ததை அதைக் கொண்டுதான் அறிந்தார்கள்.

இந்தச் சதுப்புகளை வெள்ளத்தை உறிஞ்சும் பஞ்சு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாதிதான் சரி. ஏற்கெனவே நிறைந்த பஞ்சு மேற்கொண்டு எதையும் உறிஞ்சாது. அடைமழையில் சதுப்பின்மேல் விழும் நீர் நேரே ஓடையில்தான் சேரும். மழையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது சுற்றியுள்ள சரிவுகளின் புல்வெளி மண். சதுப்பு அந்த நீர் மெல்லக் கசிந்து வெளிவரும் வாய். கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவு ஓடைகள் வராக நதியாகவும் மஞ்சளாறாகவும் இறங்கி வைகையில் சேர்கின்றன. சரிவையும் பள்ளத்தையும் சேர்த்துக் காப்பதில் மதுரைக்கு நேரடி உரிமை உண்டு என்பேன்.

1863-இல் அன்றைய மதுரைக் கலெக்டர் லெவிங் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கியது ஒரு சதுப்பான தாழ்நிலத்தில் நீரைத் தடுத்துத்தான். அது நீருக்குள் மூழ்கியது. மற்ற இடங்களில் நடப்பது எதிர்த்திசை. வடிகால் வெட்டுகிறோம், ஓரங்களில் தைல மரமும் வாட்டில் மரமும் நிலத்தடி ஈரத்தைக் குடிக்கின்றன. நீர் இறங்கிய இடத்தில் காற்று நுழைகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் இருந்த பீட் மட்கத் தொடங்கி கரிவளியாக வெளியேறுகிறது, நிலம் அமிழ்கிறது. முற்றிலும் காய்ந்த பீட் மெழுகு பூசியதுபோல் நீரையே ஒட்டவிடாது. பிறகு மழை பெய்தாலும் பழைய ஈரம் எளிதில் திரும்புவதில்லை.

களி அந்த அளவுக்குப் பிடிவாதம் பிடிப்பதில்லை. முழுவதும் பழுப்பாகிவிட்ட என் மண்ணுருண்டையை உடைத்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, இரண்டு சருகும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, விளிம்புவரை நீர் ஊற்றினேன். வாயு சேரும் என்பதால் மூடியைத் தளர்வாகத்தான் வைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. புட்டியின் அடியில் சருகைச் சுற்றி முதலில் ஒரு சாம்பல் வட்டம் விழுந்தது. இன்று காலை அது பாதி உயரத்துக்கு வந்திருந்தது, பக்கத்தில் இரண்டு சிறு குமிழிகளோடு.